கடை முகவரிக்கு வந்த நோய்

வினாகிரி வாசம். டென்மார்க்கின் கடலோரச் சிறுநகரம் ஒன்றில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் நிலவறையில் நான் வேலை பார்க்கும் கழுவும் அறை. மேல்மாடியில் மனிதர்களின் குடலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரும் நீளமான கறுப்புக் குழாய்கள் தட்டுத் தட்டாக என்னிடம் இறங்கும். உள்ளே தூரிகை விட்டுத் தேய்த்து, இயந்திரத்துக்குள் சுருட்டி வைத்துக் கதவைச் சாத்துவேன். கதவு மறுபடி திறக்கும்போது கிருமிகொல்லியின் புளிப்பு மூக்கில் ஏறும். பதினெட்டு வருஷமாக ஏறுகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் நான் இலங்கையில், மாத்தளைக்கு வடக்கே, அலுவிகாரையில், ஹனிபா நானாவின் கடை வாசலில் நிற்கிறேன். அவர் பீப்பாயைத் திருகி யாருடைய போத்தலிலோ வினாகிரி நிரப்பிக்கொண்டிருக்கிறார். இன்னொரு கையால், எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த யாருக்கோ கடிதம் நீட்டுகிறார்.

எங்கள் தோட்டத்து ஆட்களின் தபால் அந்தக் கடைக்குத்தான் வரும். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்கு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரை எழுதினால் கடிதம் ஒப்பீசுக்குப் போகும். அங்கே மேசையில் கிடந்து, ஒருவர் பிரித்து, இன்னொருவர் மறந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த மறுவாரம் எங்கள் ஒற்றையறைக் காம்பரா வாசலுக்கு வரும். அதனால் மலைப்பாதை வந்து பெரிய வீதியில் சேரும் இடத்திலிருந்த நானாவின் கடையை எங்கள் பெயருக்குக் கீழே எழுதப் பழகினோம். அவரும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என்னை இந்த நாட்டுக்கு அழைத்த கடிதமும் அவருடைய சீனிச் சாக்கின் மேல் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்ததுதான். இங்கே கதை வேறு. வீடு மாறினால் ஐந்து நாளைக்குள் நகரசபையான கொம்யூனுக்குச் சொல்லியாக வேண்டும். ஆள், அவனுடைய இலக்கம், அவனுடைய கதவு, மூன்றையும் சேர்த்து ஒரே ஆணியில் அடித்து வைத்திருக்கிறார்கள். ஐம்பது வயதானவுடன் ஆளைத் தேடி ஒரு சின்னக் குப்பி தபாலில் வரும்: உன் மலத்தில் கொஞ்சம் எடுத்து அனுப்பு, இரத்தம் இருக்கிறதா பார்க்கிறோம் என்று. எனக்கு வந்தபோது, அரசாங்கத்துக்கு இதிலெல்லாம் என்ன ஆசை என்று சந்தேகப்பட்டேன். பிறகு அனுப்பினேன், ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

அந்த நாட்களில்தான் மேல்மாடித் தாதி கிர்ஸ்டன் கோப்பிக் கோப்பையோடு கீழே வந்து கேட்டாள்: "உங்கள் நாட்டிலும் இந்தக் குடல் புற்றுநோய் உண்டா?" நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: டவுனில் உண்டு, எங்கள் மலையில் இல்லை. கீரையும் குரக்கன் களியும் தின்கிறவர்கள், நாள் முழுக்க ஏறி இறங்குகிறவர்கள். அவள் கறுப்புப் பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, "யார் எண்ணினார்கள்?" என்றாள். எண்ணத் தெரியாத கூட்டம் என்று எங்களைச் சொல்கிறாள் என எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கையுறைக்குள் விரல் நுழைக்கும்போது, அவள் கேட்டது வெறும் கேள்விதான் என்று உறைத்தது. எங்கள் மலையில் எண்ணிய ஒருவரையும் எனக்குத் தெரியாது என்பதும் உறைத்தது.

இந்த நோய் நகரங்களில் கூடுதல், நாட்டுப்புறத்தில் குறைவு என்று பொதுவாகச் சொல்வார்கள். சாப்பாடு, உட்கார்ந்த வேலை, உடம்பு அசையாத வாழ்க்கை என்று காரணமும் சொல்வார்கள். அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நான் குழாய் கழுவுகிறவன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரி இன்னும் இரண்டு குழாய் வாங்கிய வருஷம் நோயாளிகளும் கூடிப்போனார்கள். நோய் குழாயோடு பெட்டியில் வந்து இறங்கவில்லை. மாத்தளைக்கு அப்பால் லக்கலையில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிற ஒருவருக்கு மலத்தில் இரத்தம் போனால் யானைக்குப் பயந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, எத்தனை தடவை அவர் டவுனுக்கு வருவார்? வராமலே வீட்டில் கண்ணை மூடினால் மரணக் கடதாசியில் என்ன எழுதுவார்கள்? வயிற்று நோவு என்பார்கள், வயசு போய்விட்டது என்பார்கள். நோய் இல்லாத ஊர் எது, நோயை எழுதாத ஊர் எது என்று வரைபடத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியுமா? இப்படியொரு சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டால் பிறகு தொலைபேசியில் கேட்கும் குரலைக்கூட நம்ப முடிவதில்லை.

குரல் என் அக்காவுடையது. காமாட்சியக்கா. கொழுந்து பறித்து ஓய்ந்தவள், பிள்ளையில்லாதவள், அத்தான் போன பிறகு தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கு லயத்தில், நாங்கள் பிறந்த அதே காம்பராவில் தனியாக இருக்கிறாள். "ஒடம்பு சூடு தம்பி, வேற ஒண்ணுமில்ல. வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கிறேன்" என்றாள் ஒரு மாசம். "மூலமா இருக்கும்" என்றாள் அடுத்த மாசம். மூலமென்றால் இரத்தம் போகிறதா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. நாள் தவறாமல் அந்நியர்களின் குடல் அழுக்கைக் கழுவுகிறவன், கூடப்பிறந்தவளிடம் அந்த ஒரு சொல்லைக் கேட்கக் கூசினேன். கேட்காமலே விடுமுறை போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கியவுடன் கடைக்குப் போனேன். நானா என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் தோளுக்கு மேலாக வீதியைப் பார்த்தார்.

"எப்ப தம்பி வந்த? பின்னால யாரும் வரல்லயே? பைலோட ஒரு ஆபீசு மாத்தயா?"

"யாரும் இல்லையே நானா. என்னா நடந்துச்சு?"

"சுகாதார ஆபீசு பி.எச்.ஐ. மாத்தயா வந்த. கெணத்துத் தண்ணிய போத்தல்ல அள்ளின. மொளகாத்தூள் மெசினுக்குள்ள தலையப் போட்டுப் பார்த்த. இந்த ஒரு அட்ரஸ்ல நாலு பேருக்குக் கொடல்ல கேன்சராம். ஒங்கட வூட்டுல எத்தன பேர் ஈக்காங்கன்னு கேட்ட. நானும் பொஞ்சாதியும் பூனையும்னு சொன்ன. நம்பல்ல."

"நாலு பேரும் யாராம்?"

"எல்லாம் ஒங்கட தோட்டத்து ஆளுங்க. இவங்க ஒங்களுக்கு என்னா மொறைன்னு கேக்குற. மாரிமுத்தும் சந்தனமேரியும் ஹனிபாக்கு என்னா மொறை தம்பி, நீங்களே சொல்லுங்க!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மலைமேல் லயங்களில் இருக்கிற நோயெல்லாம் பஸ் ஏறி வந்து பெரிய வீதியில், வினாகிரிப் பீப்பாய்க்கும் பிஸ்கட் டின்னுக்கும் நடுவில் குடியேறியிருக்கிறது. மேலே தோட்டம் சுத்தம். கீழே கடைதான் நோய்வாய்ப்பட்டிருக்கிறது. எண்ணுகிறவர்கள் எண்ணத்தான் செய்கிறார்கள் கிர்ஸ்டன், நாங்கள்தான் கடை முகவரியைக் கொடுத்து ஆளை இடம் மாற்றி நிறுத்திவிட்டோம். ஆனால் நானா சிரிக்கவில்லை. எதிர்க்கடைக்காரன் தன்மேல் பெட்டிசம் எழுதிப் போட்டிருக்கிறான், வல்லாஹி அவன்தான் என்றார். மிளகாய்த்தூள் வாங்க ஒரு ஆள் வருவதில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்குப் பொறகு ஆஸ்பத்திரிக் காயிதம் ஒண்டும் நான் யாருக்கும் குடுக்கல்ல. தெரியாத நம்பர்னா போனும் எடுக்கல்ல. எடுத்தா அந்த நோய் என்ட வூட்டுலதான்னு முடிவாயிடுமே."

பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். பிரிக்காத மூன்று கடிதங்கள். இரண்டாவதில் அக்காவின் பெயர்.

அவள் போயிருக்கிறாள். எனக்கு ஒரு சொல் சொல்லாமல், தனியாகக் கண்டிக்குப் போய், குழாய் விட்டுப் பார்த்து, சதையில் துணுக்கெடுத்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். முடிவு வந்துவிட்டது, இன்ன திகதிக்குக் கிளினிக்குக்கு வரவும் என்று கடிதம் சொன்னது. அந்தத் திகதி கடந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நானா என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "பயந்துட்டேன் தம்பி. அவ ஒங்களுக்குச் சொல்லியீப்பான்னு நெனச்சேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் என்னிடமும் இருந்தது. நான் அதைக் கூச்சம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தேன். மற்ற இரண்டு கடிதங்களையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, அவரே என்னோடு ஆட்டோவில் ஏறினார். கொடுக்க வேண்டிய காம்பராக்களைத் தேடி அவர் கீழ்க்கணக்குக்குப் போக, நான் மேலே ஏறினேன்.

அக்கா மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் வாளியோடு நின்றாள். மெலிந்திருந்தாள். ரவிக்கையின் கை தொளதொளத்தது. காம்பராவுக்குள் கூட்டிப்போய் கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"நானா சொன்னாரா?"

"காயிதம் சொல்லுது. ஏங்க்கா என்கிட்ட மறைச்ச?"

"ஒன்கிட்ட சொன்னா நீ அங்க இருந்து அழுவ. அது எனக்கு என்னாத்துக்கு?" பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பக்கத்துக் காம்பராக்காரி சொல்றா, நீ கழுவுற கொழாயில இருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்குமாம். போன தடவ நீ குடுத்த சொக்லேட்ட நான் பிரிக்கவே இல்ல" என்றாள்.

சுருக்கென்றது. அப்படி ஒட்டாது என்று விளக்கினேன். வந்த ஆட்டோ எப்போது திரும்பிப் போகும் என்று காத்திருப்பவளைப் போல, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில கடை அட்ரஸ ஏன் குடுத்த?"

"தோட்டத்துப் பேரக் குடுத்தா காயிதம் ஒப்பீசுக்குல்ல போவும். கிளாக்கரு வாசிப்பாரு. பொறகு பீலியடியில இவளுக என் கொடலப் பத்தியே பேசிக்கிட்டு நிப்பாளுக."

"சரி. திகதி போயி பன்னெண்டு நாளாச்சே, நீயாவது போயி கேட்டிருக்கலாம்ல?"

"காயிதம் வரல்ல. அப்ப ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. காயிதம் இல்லையென்றால் நோய் இல்லை. படித்தவர்கள் வரைபடத்தின் வெள்ளை இடங்களைப் பார்த்து நினைப்பதும் இதைத்தானே. நான் டென்மார்க்கில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் இதையேதான். அக்காவை ஏச எனக்கு வாயில்லை. மறுநாள் விடியக் கண்டிக்குப் போனோம்.

ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் முகவரி கேட்டார்கள். அக்கா பழக்கத்தில் அலுவிகாரை என்று தொடங்கினாள். நான் குறுக்கே விழுந்தேன்: தோட்டத்தின் பெயர், மேற்கணக்கு, லய நம்பர், காம்பரா நம்பர். எழுதுகிற தம்பி, தமிழ் தெரிந்த சிங்களப் பையன், பேனையை நிறுத்தி, "ரெண்டு அட்ரஸா? எதுங்க சரி?" என்றான். அக்கா என்னை எரிப்பதுபோல் பார்த்தாள். கூட்டத்தில் என் சேலையை உருவிவிட்டாயே என்ற பார்வை அது. பிறகு அவளே, வேலைக்குப் போக விடியலில் பெயர் கொடுக்கிற பழைய நாட்களைப் போல நிமிர்ந்து நின்று, காம்பரா நம்பரை இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னாள். "நல்லா எழுதுங்க தம்பி. நான் அங்கதான் இருக்கேன்."

பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், ஆனாலும் வெட்டி எடுக்கலாம் என்றார் சத்திரசிகிச்சை டாக்டர். நான் கிர்ஸ்டனுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் மேலாளரிடம் பேசி இன்னும் இரண்டு கிழமை, பதினாலு நாள், விடுமுறை வாங்கித் தந்தாள், காரணம் கேட்கவில்லை. அந்த இரண்டு கிழமைக்குள் அக்காவின் குடலில் ஒரு சாண் போனது. நானா ஒரு நாள் பார்க்க வந்தார். தோட்டத்து ஆட்களின் சரியான விலாசங்களை ஒரு கொப்பியில் எழுதி பி.எச்.ஐ. மாத்தயாவிடம் கொடுத்தாராம். "நம்பினாரா நானா?" என்றேன். "கொப்பிய வாங்கின. மொகத்துல ஒண்டும் தெரியல்ல" என்றார். அக்கா கட்டிலில் கிடந்தபடி, "சந்தனமேரி ஒங்களுக்கு என்னா மொறைன்னு எழுதினீங்களா நானா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்க முடியாமல் தையலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் புறப்படும் நாள் வந்தது. வெட்டியதைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நோய் அதோடு நின்றதா, இன்னும் ஓடியிருக்கிறதா, மேலும் மருந்து ஏற்ற வேண்டுமா என்பதை அந்த முடிவுதான் சொல்லும். கடிதம் அனுப்புவதற்குப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் விலாசமும் வேண்டும் என்று ஒரு படிவத்தை வார்டிலேயே கொண்டுவந்து தந்தார் தாதி. பேனையைப் பிடித்தபடி நின்றேன். டென்மார்க் விலாசத்துக்கு அந்தக் கோடு போதாது. போதுமானாலும் அந்தக் கடிதம் கடல் தாண்டி வந்து சேருமா? கடை முகவரியை எழுத இனி மனம் வராது. என் பெயரை எழுதினேன். அதன் கீழே மேற்கணக்கு லயத்தின் நம்பரையும், நான் பிறந்து வளர்ந்து, பதினெட்டு வருஷமாகக் குடியிருக்காத காம்பராவின் நம்பரையும் எழுதினேன்.

தாதி படித்துப் பார்த்தார். "நீங்களும் அங்கதான் இருக்கிறீங்களா?"

"ஆமா" என்றேன்.

என் பையில் கடவுச்சீட்டு இருந்தது. பொய் முகவரி கொடுக்காதே என்று அக்காவின் பேச்சில் குறுக்கே விழுந்தவன், அவள் கண்ணுக்கு முன்னாலேயே பொய் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எழுதும்போது அது பொய்யாகவும் தெரியவில்லை. தாதி போனதும் அக்கா கையை நீட்டினாள். வெளியே என்னை ஏற்ற வந்த வான் வண்டி ஹோர்ன் அடித்தது. விமான நிலையத்துக்கு நீண்ட தூரம்.

"வரட்டுமாக்கா?"

"காயிதம் ஒன் பேருக்குத்தானே வரும்" என்றாள். "நீயே வந்து பிரிச்சிக்க. நான் தொட மாட்டேன்."