கமலவேணி விண்டோஸ் மாற்றியது

பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் கமலவேணி மட்டும்தான் பெண். வயது ஐம்பத்திரண்டு. கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி வைத்துத் தொழில் கற்றவர், 2011இல் கம்ப்யூட்டருக்கு மாறினார். அன்று வாங்கிய கம்ப்யூட்டர்தான் இன்றும் ஓடுகிறது. அதில் இருப்பது விண்டோஸ் ஏழு.

அவர் டிசைனில் தப்பு இருக்காது என்று தெருவில் ஒரு பெயர் உண்டு. சேலைக் கரையில் அன்னமோ யாளியோ வர வேண்டுமென்றால், எந்த இழை எப்போது மேலே எழும்ப வேண்டும் என்பதை அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, தறிக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். ஒரு ஓட்டை பிசகினால் சேலை முழுக்க அந்தப் பிசகு திரும்பத் திரும்ப வரும். கமலவேணி கம்ப்யூட்டரில் வரைந்து அச்செடுத்துக் கொடுப்பார். கணவர் கலியாணசுந்தரம் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து அட்டை குத்துவார். பதினான்கு வருடமாக அந்த வீட்டில் வேலை இப்படித்தான் நடந்தது.

போன ஆனி மாதம் கலியாணசுந்தரத்துக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கிச் சட்டை மாட்டக்கூட முடியவில்லை. மூன்று மாதம் அட்டை குத்தக் கூடாது என்றார் டாக்டர். ஊருக்கு வெளியே ஓரிடத்தில் மெஷினில் அட்டை குத்திக் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் தாளை வாங்குவதில்லை. ஃபைலாக அனுப்பச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட வகை ஃபைல் கமலவேணியின் கம்ப்யூட்டரில் வரவில்லை.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் விக்னேஷ் வந்து பார்த்தார்.

"அக்கா, இதுல புது விண்டோஸ் ஏறாது. மெஷினையே மாத்தணும். உங்க டிசைன் சாஃப்ட்வேரும் அதுல ஓடாது, வேற போடணும்."

"அப்போ நான் போட்டு வெச்சிருக்கிற டிசைனெல்லாம்?"

"மாத்திக்கலாம்க்கா. தொண்ணூறு பர்சென்ட் அப்படியே வந்துடும்."

"மிச்சம் பத்து?"

கம்ப்யூட்டரில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் டிசைன்கள் இருந்தன. அதில் பத்து பர்சென்ட் என்றால் எது எது என்று யாருக்குத் தெரியும்?

"ஓடிக்கினு இருக்கிறத எதுக்குத் தொடணும்? தோள் சரியாகட்டும்" என்றார் கலியாணசுந்தரம்.

கமலவேணி ஒரு வாரம் யோசித்தார். பிறகு விக்னேஷைக் கூப்பிட்டு, புது மெஷின் ஒன்றைப் பத்து நாள் வைத்துப் பார்க்கத் தர முடியுமா என்று கேட்டார். அவர் கொண்டுவந்து வைத்தார். கமலவேணி அதில் பன்னிரண்டு டிசைன்களை மாற்றினார். அதில் அதிகம் நெய்யப்பட்ட அன்னக் கரையை மட்டும் ஃபைலாக அனுப்பி அட்டை குத்தி வாங்கினார். அடுத்த தெருவில் நெய்யும் கிருஷ்ணவேணியின் தறியில் பாவு நூல் முடியும் இடத்தில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. அதில் நெய்து பார்க்கச் சொன்னார்.

மறுநாள் காலை கிருஷ்ணவேணி நெய்த துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, அன்னத்துக்குக் கண்ணே இல்ல பாருங்க."

கமலவேணி வாங்கிப் பார்த்தார். கழுத்து சரி, இறகு சரி, மூக்கும் சரி. கண் இருக்க வேண்டிய புள்ளியில் ஜரிகை நிறைந்து, தலை வெறும் உருண்டையாக இருந்தது. ஐந்து அன்னத்துக்கும் அப்படியே.

"இதுக்குத்தான் பயந்தேன்" என்றவர், விக்னேஷுக்கு போன் போட்டார். "தம்பி, சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போயிடுங்க. ஒத்துவரல."

கலியாணசுந்தரம் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கமலா, இது மெஷின் தப்பு இல்ல."

"பின்ன?"

"பழைய கம்ப்யூட்டரத் தொறந்து பெருசு பண்ணிப் பாரு."

திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணுக்கு விட வேண்டிய ஒற்றைக் கட்டம் அதிலும் நிரம்பியிருந்தது. வரைந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

"அந்த ஓட்டைய நான் குத்தாம விட்டுடுவேன்" என்றார் கலியாணசுந்தரம்.

"எத்தன வருஷமா?"

"முதல் செட் அட்டையில இருந்தே."

"இது ஒண்ணுதானா?"

அவர் துண்டை மடித்தார். "அங்கங்க இருக்கும். எல்லாம் எனக்கு நினைவில்ல."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"கம்ப்யூட்டர் வாங்கின புதுசுல ஒரு வாட்டி சொன்னேன். ரெண்டு நாள் சோறு தின்னல நீ. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

கமலவேணிக்கு அது நினைவில் இல்லை. ஆனால் நடந்திருக்காது என்றும் சொல்ல முடியவில்லை. அன்று மத்தியானம் சமைத்து வைத்துவிட்டு, கோயில் பக்கம் நடந்து போய்விட்டு வந்தார். தப்பில்லாத கை என்று ஊர் சொன்னபோதெல்லாம் கணவரும் பக்கத்தில்தானே நின்றிருந்தார் என்ற எண்ணம் வந்தது. கோபமா வெட்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் விக்னேஷ் மெஷினை எடுத்துப்போக வந்தார்.

"இருக்கட்டும் தம்பி. இதையே வெச்சிக்கிறேன்."

"காலையில வேணாம்னீங்க?"

"காலையில ஒண்ணு சொன்னேன், இப்ப ஒண்ணு சொல்றேன். என் தப்பு எனக்குத் தெரியணும்பா."

அந்த மாதம் முழுவதும் இருவரும் வீடு வீடாகப் போனார்கள். எந்தெந்தத் தறியில் எந்த டிசைன் ஓடுகிறது என்று கேட்டு, அட்டையை விரித்து, ஃபைலோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார்கள். அறுபத்தெட்டு டிசைன் பார்த்ததில் முப்பத்தொன்றில் கலியாணசுந்தரத்தின் கை பட்டிருந்தது. கமலவேணி எல்லாவற்றையும் திருத்தினார், மூன்றைத் தவிர.

"இந்த மாங்கா வால் நான் வேணும்னேதான் நீட்டி விட்டேன். நீங்க யாரு அதை வெட்டறதுக்கு?"

"பார்க்க நல்லா இல்லம்மா."

"நல்லாதான் இருக்குது."

அந்த மூன்றும் அவர் வரைந்தபடியே புது மெஷினில் இருக்கின்றன. நெய்யப்படாமல் கிடந்த ஆயிரத்துச் சொச்சம் டிசைன்களை அவர் சரிபார்க்கவில்லை. கேட்டு யாராவது வந்தால் பார்க்கலாம் என்று மாற்றி மட்டும் வைத்தார். நாற்பது போல மாறவே இல்லை. அவற்றின் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, விக்னேஷிடம் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தனுப்பினார்.

புரட்டாசியில் தோள் சரியாயிற்று. கலியாணசுந்தரம் அட்டை குத்தத் திரும்பவில்லை. இப்போது ஒவ்வொரு டிசைனும் வெளியே போகும் முன் கண்ணாடி போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்காருகிறார். தப்பைக் கண்டால் விரலால் தொட்டுக் காட்டுகிறார். கமலவேணி, "திரையில கை வெக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே திருத்துகிறார்.