பரஸ்தானம் வைத்த பாஸ்போர்ட்

மீனம்பாக்கம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். மற்றவர்களுக்கு அது விமானம் ஏறுகிற ஊர். எனக்கு அந்த ரயில்வே ஸ்டேஷனின் சிமெண்டு பெஞ்சுதான் மீனம்பாக்கம். பக்கத்தில் இருந்த விமான நிலையத்துக்குள் நான் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் கெஞ்சுவதற்காக.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார். நான் திண்டுக்கல்லை அடுத்த எரியோட்டுப் பக்கம் மாமனாரோடும் கொழுந்தனோடும் கத்தரிக்காயும் மிளகாயும் போட்டுக் காலந்தள்ளினேன். ஒருநாள் தந்தி வந்தது. அவர் ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பெண்டாட்டியைப் பார்க்க வேண்டும் என்கிறார், கப்பலில் வந்தால் அதுவரை தாங்காது. அவரோடு வேலை பார்த்தவர்களே விமான டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டார்கள். என்னை அங்கே அழைத்துக்கொள்வதாக அவர் முந்தின வருஷமே பாஸ்போர்ட் எடுக்க வைத்திருந்தார், அது கையில் இருந்தது. திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் போனாலே தலை சுற்றுகிறவள் நான். ஆகாயத்தில் போகத் துணிந்துவிட்டேன். அவரை உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

வியாழக்கிழமை விமானம். புதன்கிழமை ஊரிலிருந்து கிளம்பினால்தான் பிடிக்க முடியும். புதனன்று வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. மெட்ராஸும் வடக்கே. என் மாமனார் சூலம் பார்க்காமல் சந்தைக்குக்கூடப் போகமாட்டார். "எம் மூத்த மகன் உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்கான். நாளு பாக்காம உன்னைய அனுப்புவனா?" என்று திங்கட்கிழமை சாயந்திரமே பரஸ்தானம் வைத்தார். பயணம் போகிறவரின் பொருளை மூட்டையாகக் கட்டி, நல்ல நேரத்தில், போகிற திசையில் உள்ள இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவதுதான் பரஸ்தானம். மூட்டை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் எந்த நாளில் புறப்பட்டாலும் தோஷமில்லை.

என்னுடைய சேலை ஒன்று, கொஞ்சம் அரிசி, மஞ்சள். எல்லாரும் வைப்பது அவ்வளவுதான். என் மாமனாருக்கு அது போதவில்லை.

"சேலையா தாயி பிளேன் ஏறப் போகுது? எது இல்லாட்டிப் போக முடியாதோ, அதுதான் மொதல்ல வாசப்படி தாண்டணும்" என்று பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்து முடிச்சுப் போட்டார். எனக்கு மனசுக்குள் உறுத்தியது. மகனுக்காகச் செய்கிறார் என்று மூட்டையை நானே தூக்கிக் கொடுத்தேன்.

மூட்டை வடக்குத் தெருவில் ஒரு வீட்டுக்குப் போனது. அந்த வீட்டம்மா கெட்டவள் இல்லை. அரிசிக்கு எலி வரும், வந்தால் இதையும் கடித்துவிடும் என்று பயந்து, பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து சாமி மாடத்தில் விளக்குக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். புதனன்று பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்க, ஓடிவந்து மூட்டையை எனக்குத் துணையாகக் கிளம்பிய என் தம்பி கையில் கொடுத்தாள். மாடத்தில் வைத்தது அவளுக்கு மறந்தே போனது. பரஸ்தான மூட்டையைப் பாதி வழியில் அவிழ்க்கக் கூடாது என்பதால் நாங்களும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயில் மாறி, மீனம்பாக்கத்தில் இறங்கினோம். விமான நிலையம் கூப்பிடு தூரம். வந்து சேர்ந்தாயிற்று என்று பெஞ்சில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தேன். சேலையை உதறினேன். அரிசியைப் பிளாட்பாரத்திலேயே கொட்டி இரண்டு கையாலும் துழாவினேன். ரயிலுக்கு நின்றவர்கள் விலகி நின்று பார்த்தார்கள்.

"ஏலே, நீ எங்கிட்டாச்சும் எடுத்து வச்சியா?" என்றேன் தம்பியிடம்.

"நான் முடிச்சையே தொடலக்கா" என்றான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

விமான நிலையத்தில் ஓர் அதிகாரியின் காலில் விழப் போனேன். அவர் பதறிப் பின்வாங்கினார். "அழாதீங்கம்மா. பாஸ்போர்ட் இல்லாம ஏத்துனா அங்க இறங்க விடமாட்டாங்க. அடுத்த விமானம் ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள கொண்டாரச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஏதுமில்லை. பெஞ்சுக்கே திரும்பி வந்தோம். நான் போக வேண்டிய விமானம் அந்த ஸ்டேஷன் கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு போனது. அதன் வயிறு தெரிகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தேன். என்னைப் போல ஒரு பாவி உண்டா என்று வாய்விட்டு அழுதேன்.

ஊருக்குத் தந்தி அடித்தோம். தங்குவதற்கு அடுத்த ஸ்டேஷனான பல்லாவரத்தில் இடம் கிடைத்தது. திண்டுக்கல்லிலிருந்து வந்து அங்கே தோல் பதனிடும் வேலை பார்த்த ஒரு முஸ்லிம் குடும்பம், தம்பிக்குப் பழக்கம். அந்த வீட்டு அம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே வருவார். "ரெண்டு வாய் தின்னுட்டுப் போ தங்கச்சி. அல்லா கைவிடமாட்டான்" என்பார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மீனம்பாக்கம் பெஞ்சுக்கே வந்துவிட்டேன். அன்றைக்கே ஆள் வர வழியில்லை என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான். வீட்டுக்குள் என்னால் இருக்க முடிந்தால்தானே.

ரயில் வந்து போகும். விமானத்துக்குப் போகிறவர்கள் மாலையும் பெட்டியுமாக இறங்குவார்கள். ஒவ்வொருவரையும் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கெல்லாம் சூலம் இல்லையா? மாமனாரை என்ன கேட்பது என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே யோசித்து வைத்தேன். உம்ம மகனை நான் பார்க்கக் கூடாது என்றுதானே முடிச்சுப் போட்டீர்? சாஸ்திரத்தை நீரே கட்டிக்கொண்டு அழும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எதிரில் குரல் உயர்த்தாதவள் நான். இந்த முறை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் தாம்பரத்து ரயிலிலிருந்து கொழுந்தன் இறங்கினான். சட்டைப் பையில் பாஸ்போர்ட் துருத்திக்கொண்டு தெரிந்தது. தம்பி ஓடினான். முருகா, நாளைக்குப் பிளேன் ஏறிவிடுவேன் என்று எழுந்து நின்றேன். கொழுந்தனுக்குப் பின்னால் மாமனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பாஸ்போர்ட் கொண்டுவர ஒரு ஆள் போதும். இரண்டாவது ஆள் எதற்கு வர வேண்டும்? அதற்கு மேல் யாரும் எனக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமனார் எதிரே வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"நேத்து மத்தியானம்தான் தாயி போயிட்டான்" என்றார். "நாங்க கெளம்பும்போது தந்தி வந்துச்சு. அந்தப் பிளேன்ல நீ போயிருந்தா ஒரு ராத்திரியாச்சும் அவங்கூட இருந்திருப்ப. நான்தான் கெடுத்தேன். உன் வாயால என்னையத் திட்டு. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் நானும் வந்தேன்."

யோசித்து வைத்த பேச்செல்லாம் நாக்கு நுனியில் அப்படியே இருந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். நான் திட்டவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறம் அவர் கண்மூடுகிற வரைக்கும் இல்லை. திட்டினால் அவருக்கு ஆறிவிடும். எனக்கு ஆறாதது அவருக்கு மட்டும் ஏன் ஆற வேண்டும்?