பஸ் ஏறும்போது சொன்ன ‘வரேன்’

“ஏழு, எட்டு, ஒன்பது…” சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஸ்பூன்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார் சிஸ்டர். வாய்விட்டுத்தான் எண்ணுவார். நடுவில் யாராவது குறுக்கே பேசினால் போச்சு, திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பம். இருபத்தாறு வருடங்களாக ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். கத்தரி, ஊசி, பஞ்சு எல்லாம் உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணிச் சொல்வது அவர் பொறுப்பு. “எண்ணிக்கை சரியா வராம எவ்ளோ பெரிய டாக்டரா இருந்தாலும் தைக்க விடமாட்டேன்” என்பார்.

எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். கட்டிய கணவருக்கும் அப்படித்தான். அவர் ஆம்புலன்ஸ் டிரைவராக இருந்த காலத்தில் பழகிய வாய், கல்யாணத்துக்குப் பிறகும் திருந்தவில்லை. “சிஸ்டர், என் கண்ணாடிய பாத்தியா?” என்று அவர் கேட்கும்போது புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள்.

வருடா வருடம் இலையுதிர் கால விடுமுறையில் ஒரு நாள் மதியம் அவர் வீட்டில் விருந்து. இரண்டு வாரத்துக்கு முன்பே பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறிவிடும். யார் எங்கே உட்கார வேண்டும், கோழி எத்தனை மணிக்கு ஓவன் அடுப்புக்குள் போக வேண்டும், பூசணி சூப்பை எப்போது இறக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். உதவி என்று யாரும் கிட்டே போக முடியாது. போன வருடம் நான் தட்டுகளைத் துடைத்துக் கொடுத்தேன். “நல்லாத்தான் தொடச்சிருக்கீங்க” என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் இன்னொரு தரம் துடைத்தார். மாடியில் என் வீட்டிலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வருவதோடு இப்போது என் வேலை முடிந்தது.

வழக்கமாகப் பதினோரு பேர். இந்த வருடம் தாளில் பன்னிரண்டு என்று இருந்தது. பன்னிரண்டாவது ஆள் அவருடைய ஒரே தம்பி.

அந்தத் தம்பி இந்த வீட்டுப் படி ஏறி நாலு வருடமாகிறது. அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாம், தாங்கமாட்டார் என்று அவன் சொல்லியிருக்கிறான். கேட்காமல் இவர் கையெழுத்துப் போட்டார். அப்பா ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார். “நீ நர்ஸா கையெழுத்துப் போட்டியா, மகளா போட்டியா?” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கேட்டானாம். அத்தோடு வருவதை நிறுத்திவிட்டான்.

பத்து நாள் முன்பு பஸ் நிறுத்தத்தில் தற்செயலாக எதிரே வந்து நின்றிருக்கிறான். இவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு விருந்து என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் அவனுடைய பஸ் வந்துவிட்டது. “வரேன்க்கா” என்று சொல்லி ஏறிவிட்டான். இவர் வீட்டுக்கு வந்து தாளைத் திருத்தினார்.

“பஸ் ஏறும்போதா சொன்னான்?” என்றார் கணவர். “கெளம்புறப்ப எல்லாரும் வரேன்னுதான் சிஸ்டர் சொல்லுவாங்க. போறேன்னு எவன் சொல்லுவான்?”

“என் தம்பி சொன்னது எனக்குத் தெரியாதா?” என்று அவர் வாயை அடைத்துவிட்டார் சிஸ்டர். ஆனால் மறுநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “வரேன்னு இழுத்துச் சொன்னா என்ன அர்த்தம்? வெடுக்குனு சொன்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டார். பெரிய மேதாவி மாதிரி, இழுத்துச் சொன்னால் நிச்சயம் வருவார் என்றேன். “வெடுக்குனுதான் சொன்னான்” என்றார். என் வாயைத்தான் முதலில் தைக்க வேண்டும். போன் செய்து கேட்டுவிடலாமே என்று சமாளித்துப் பார்த்தேன். “கேட்டா, வரலைன்னு சொல்ல நானே வழி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குப் பதினோரு பேரும் கூடிவிட்டோம். ஒன்றேகால் ஆயிற்று. கோழி அடுப்புக்குள்ளேயே கறுத்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஜன்னலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஒன்றரைக்கு சிஸ்டரின் நாத்தனார் பொறுமை இழந்தார். “எனக்கு சுகர் எறங்குது. வர்றவன் வரட்டும், நாம ஆரம்பிச்சா என்ன?”

“இன்னும் ஒருத்தர் வரணும் அண்ணி” என்று சொல்லி அவர் முன்னால் இரண்டு பிஸ்கட்டை வைத்தார் சிஸ்டர்.

கணவர் மெதுவாக எழுந்து, காலியாக இருந்த நாற்காலியில் கை வைத்தார். “இத எடுத்துடட்டுமா?”

“தொடாதீங்க.” ஆபரேஷன் தியேட்டர் குரல். அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். முகம்கூடத் தெரியாத அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு அடிக்கப் பத்து நிமிடம். சிஸ்டர் சூப் பாத்திரத்தைத் தூக்கி வந்து, யாரையும் பார்க்காமல் கிண்ணங்களில் ஊற்றத் தொடங்கினார். வாய் அசையவில்லை. அவர் எண்ணாமல் ஒரு வேலை செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நாலாவது கிண்ணத்தில் அழைப்புமணி அடித்தது.

கணவர்தான் கதவைத் திறந்தார். மழையில் நனைந்து, தோளில் ஒரு சருகு ஒட்டிக்கொண்டு நின்றான் தம்பி. “கீழதான் அரை மணி நேரமா நிக்கிறேன்க்கா” என்றான்.

“கை கழுவிட்டு வா” என்றார் சிஸ்டர்.

வந்து உட்கார்ந்தான். கேட்டதற்கு ‘ம்’ என்றான், ‘இல்ல’ என்றான். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டான். அக்காவின் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தான். இரண்டாவது முறை பார்த்ததைச் சிஸ்டரும் பார்த்தார்.

ஏதோ எடுக்கப் போகிறவர் மாதிரி எழுந்தார். நான் இருந்த இடத்திலிருந்து வாசலும் சமையலறையும் தெரியும். கதவோரம் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவே குனிந்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த தம்பியின் ஷூவை எடுத்தார். கை துடைக்கும் துண்டில் அதைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் போனார். ஸ்டூலில் ஏறி, மேல் அலமாரியைத் திறந்து, மாவு டப்பாவுக்குப் பின்னால் அதைத் தள்ளிவைத்துக் கதவைச் சாத்தினார்.