கவிப்பிரியா கல்யாணத்து மேளம்

பென்னலூரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் திருமலை பந்திக்கு முந்தமாட்டார். நாதஸ்வரக்காரர்களுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் கருவியை உறையில் போடும்வரை எழுந்திருக்கமாட்டார். அப்படிப்பட்டவர், தன் ஒரே மகள் கவிப்பிரியாவின் கல்யாணத்துக்கு நாதஸ்வரமே வேண்டாம் என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

மாப்பிள்ளை இனியவன் வீட்டார் மறைமலை நகர்க்காரர்கள். ரிசப்ஷனுக்குச் செண்டை மேளம் வைக்க ஆசைப்பட்டார்கள். முகூர்த்தத்துக்கு என்ன மேளம் என்பதைப் பெண் வீட்டுக்கே விட்டுவிட்டார்கள்.

"முகூர்த்தத்துக்கும் செண்டையே அடிக்கட்டும்" என்றார் திருமலை.

அவர் மனைவி சுந்தராம்பாள் கையிலிருந்த அழைப்பிதழ்க் கட்டைக் கீழே வைத்தாள். "இன்னாயா பேசற? தாலி கட்டசொல்லோ செண்டை அடிப்பாங்களா? மாப்ள வூட்டுக்கு பயந்துக்கினு இப்படி சொல்றியா?"

"யாருக்கும் பயம் இல்ல. எனக்கு அதான் புடிச்சிகீது."

அழைப்பிதழ்க் கட்டை எடுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கிவிட்டார். பெண்ணைக் கொடுக்கும் முன்பே சம்பந்தி வீட்டுக்குத் தலையாட்டுகிறார் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

உண்மை வேறு. ஒரகடத்தில் கார்களுக்குத் தகடு அடித்துக்கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில், பிரஸ் லைனில் இருபத்து மூன்று வருஷமாக நிற்கிறார் திருமலை. நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முறை தகட்டின் மேல் அந்தப் பிரஸ்ஸின் இரும்பு இடிபோல இறங்கும். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு அடைப்பான் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, திட்டு விழும் என்று யாரும் வைப்பதில்லை. முதலில் போனது குருவிச் சத்தம். பிறகு குக்கர் விசில். போன வைகாசியில் அக்கா மகன் கல்யாணத்தில் மேளத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோதுதான் நாதஸ்வரமும் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்தது. தவில் நெஞ்சில் வந்து மோதியது. நாதஸ்வரம் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முனகுவதுபோல இருந்தது. பாதிக் கச்சேரியில் எழுந்து பந்திக்குப் போய்விட்டார். மகள் கல்யாணத்தில் அப்படி ஒன்றும் கேட்காமல் நிற்க அவரால் முடியாது. செண்டையாவது உடம்பில் விழும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிப்பிரியா போனை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. முதல் ஷிப்ட் முடித்து வந்தால் அவளே ஓய்ந்து கிடப்பாள். ஆனாலும் அப்பாவுக்காகப் படப்பை நாதஸ்வரக்காரர் கலைமணியிடம் பேசி, அவர் வாசித்த இரண்டு பதிவுகளை வாங்கியிருந்தாள்.

"ரெண்டையும் கேளுப்பா. அப்புறமா வேணாம்னு சொல்லு, நான் ஒண்ணும் பேசல."

முதல் பதிவைத் தொட்டுப் போனை அவர் கையில் கொடுத்தாள். வாசிப்பு அவள் காதிலேயே கேட்டது. சற்றுமுன் மாட்டிய வயரில்லாத இயர்போனைக் கழற்ற மறந்திருந்தாள். போனிலிருந்து சத்தமே வரவில்லை. "இருப்பா" என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். திருமலை போனைக் காதோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அவள் காதில் ஓடிய தாளம் அது இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டாவதுதான் நல்லா கீது. ஆனா நமக்கு வேணாம்மா."

இரண்டாவதை அவள் இன்னும் போடவே இல்லை.

இயர்போனைக் கழற்றி அவர் எதிரில் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். திருமலை அதையே பார்த்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எவ்ளோ நாளாப்பா?" அவர் முகத்துக்கு நேராக வந்து கேட்டாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும். கிட்ட வந்து பேசினா வாயைப் பார்த்துப் புரிஞ்சிக்கிறேன்."

"கம்பெனில வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுக்கிறாங்களே."

"கேட்டா பட்டனை அழுத்தணும். அந்த நர்ஸ் பொண்ணு சத்தம் குடுக்கசொல்லோ தோள் கொஞ்சம் அசையும். அதைப் பார்த்து அழுத்திடுவேன்." சொல்லிவிட்டு அவர் மெல்லச் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "என் கூட மெஷின்ல நின்ன மாரிக்குக் காது போச்சுன்னு தெரிஞ்ச மறுமாசமே கான்ட்ராக்ட்டை முடிச்சி அனுப்பிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாத. மாப்ள வூட்டுக்கும் தெரிய வேணாம்."

கவிப்பிரியா இயர்போனைக் கீழே வைத்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம்தாம்பா. உனக்குக் கேக்கலன்னா போவுது. நான் கேட்டுக்கிறேன்."

கல்யாணம் மணிமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனில் செண்டைக்காரர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசலிலிருந்து மேடைவரை அழைத்து வந்தார்கள். திருமலை அவர்களை ஒட்டியே நடந்தார். விலாவெல்லாம் அதிர்ந்தது. இவ்வளவு பக்கத்தில் எப்படித்தான் நிற்கிறாரோ என்று விருந்தாளிகள் காதைப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை மணவறையில் ஐயர் சொல்லச் சொல்ல அவர் உதட்டைப் பார்த்து வாயசைத்தார். இரண்டு இடத்தில் தப்பானது. ஐயர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேலே போனார். கலைமணி கன்னங்கள் உப்ப வாசித்துக்கொண்டிருந்தார். அது என்ன ராகம் என்று திருமலை அவர் விரல்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றார், முடியவில்லை. கெட்டிமேளம் நெஞ்சில் மோதியும் அவர் கண் அந்த விரல்களிலேயே இருந்தது. எல்லோர் கையும் உயர்ந்து அட்சதை பறந்த பிறகுதான் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்தது. தன் கையிலிருந்த அரிசியை அவசரமாகப் போட்டார். பிறகு, கேட்டுக்கொண்டிருப்பவர்போலத் தலையை ஆட்டினார். மாலைக்குள்ளிருந்து கவிப்பிரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டல் நாதஸ்வரத்துக்கு முன்னும் பின்னுமாகப் போனது. அவள் குனிந்துகொண்டாள். பெண் அழுகிறாள், பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

மகள் மறைமலை நகருக்குப் போனபின் தினமும் போன் செய்தாள். நேரில் இருந்தவரை அவள் வாயைப் பார்த்தே பிழைத்துவந்தவருக்குப் போனில் பிடிமானம் இல்லாமல் போனது. ஒருநாள் அம்மாவுக்கு ஜுரம் விட்டதா என்று அவள் கேட்டதற்கு, "சாப்ட்டேம்மா, நீ சாப்ட்டியா?" என்றார். ஸ்பீக்கரில் மகளின் அதே கேள்வி மறுபடியும் வந்தது. பக்கத்தில் படுத்திருந்த சுந்தராம்பாள் எழுந்து உட்கார்ந்தாள். அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவர் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் போன் வந்தால் அவளே எடுக்கிறாள். திருமலை ஷிப்ட் பஸ்ஸுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, மனைவியின் முகம் சிரிப்பதையும் சுருங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிஷப் பேச்சு முடிந்ததும், "இன்னா சொல்லுது?" என்று கேட்பார்.

"நல்லா கீதாம்" என்பாள் சுந்தராம்பாள்.