மைக் செட்டை நிறுத்தச் சொன்ன தாய்மாமன்

செம்பட்டியில் சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். "எங்கண்ணன் போயிட்டான்" என்றாள். எங்கே என்று கேட்டேன். என்ன புத்தியோ! மாரடைப்பு என்று அவள் சொன்ன பிறகுதான் விளங்கியது. இறக்கிய மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அகரத்துத் தோப்புகளில் தேங்காய் உரித்த செல்வராசு மச்சானை இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். அவருக்கு மனச்சிதைவு நோய் என்பதும், ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும் என்பதும் தெரிந்ததுதான். அந்தக் குரல்களைப் பற்றி மனிதர் செய்த ஆராய்ச்சி மட்டும் எனக்குத்தான் தெரியும். மாட்டிக்கொண்டவன் நானல்லவா!

ஒருமுறை ஆஸ்பத்திரியில் அவர் தலையில் ஒயர்களை ஒட்டி, காதில் 'டிக் டிக்' என்று சத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமாம். இந்த நோய் உள்ள பலருக்கு அது சரியாக நடப்பதில்லையாம். மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தோப்பு மோட்டார் சத்தம் ஒங்களுக்குச் செத்த நேரத்துல பழகிருது. எனக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா வருது மாப்ள. இம்புட்டுத்தான் விசயம்" என்றார்.

இன்னொன்றும் கேட்டு வந்தார். நாம் பேசும்போது, இது நம் பேச்சுதான் என்று மூளை தன் கேட்கும் பகுதிக்கு முன்னதாகவே சொல்லிவிடுமாம். அந்தத் தகவல் ஒழுங்காகப் போகாவிட்டால், மனசுக்குள் பேசுவதே வேறு யாரோ பேசுவதாகக் கேட்கலாம் என்று டாக்டர்கள் நினைக்கிறார்கள். முடிவாக இன்னும் தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. "மனசுக்குள்ள பேசுறது ஒங்களுக்கு எந்தப் பக்கத்துலருந்து கேக்குது மாப்ள?" பக்கமெல்லாம் கிடையாது என்றேன். நம்பவே இல்லை. டீக்கடையில் இன்னும் நாலு பேரை விசாரித்துவிட்டு வந்து, கூட்டாகப் பொய் சொல்கிறோம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

என் மகளுக்குக் கோயிலில் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பாதியில் ஏதாவது குரல் கேட்டுப் பிள்ளையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டால் என்ன ஆவது என்று என் அப்பா பயந்தார். ஒன்றுவிட்ட மாமன் ஒருவரை உட்கார வைக்கலாம் என்றார். எங்கண்ணன் மடி இல்லையென்றால் காதே குத்த வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். மச்சானுக்கும் பயம்தான். ஆனால் அந்த மடியை விட்டுக்கொடுக்க மனசில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஊசி குத்துற நேரம் மட்டும் மைக் செட்ட நிப்பாட்டச் சொல்லுங்க. பாப்பா அழுகுறது எனக்குத் தனியாக் கேக்கணும்."

செட் இல்லாமல் என்ன விசேஷம் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நானே போய் நிறுத்தினேன். கோயிலே அமைதியானது. ஆசாரி ஊசியை வைத்ததும் மகள் வீறிட்டாள். எல்லார் கண்ணும் மச்சானின் கையில்தான். அவர் குனிந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"அழுகுறது நீதான பாப்பா?"

"நாந்தான் மாமா" என்று தேம்பினாள்.

"அப்பச் சரி" என்று இறுக்கி அணைத்துக்கொண்டார். மறு காதும் குத்தி முடியும்வரை அந்தக் கை அசையவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். என் மகள் எத்தனையோ பேர் கையில் அழுதிருக்கிறாள். அழுவது அவள்தானா என்று அவளிடமே கேட்டுக்கொண்டு அணைத்தவர் மச்சான் ஒருவர்தான்.