எஸ்தர் அக்கா கை நீட்டிய ஞாயிறு

சபையில் எஸ்தர் அக்காவோடு உட்கார்ந்து பாடியவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இதைப் படித்துவிட்டு யாருக்கும் காட்டாதீர்கள். என் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ தெரியாது. வீடு அடங்கும்வரை காத்திருந்து எழுதுகிறேன்.

நேற்று பள்ளி விட்டு வரும்போது எஸ்தர் அக்காவின் தையல் கடை பூட்டியிருந்தது. பக்கத்துப் பூக்கடை அம்மா, "உனக்குத் தெரியாதா? டெய்லர் அக்கா காலையில மெஷின்ல உக்காந்தபடியே போய்ட்டாங்கம்மா" என்றார். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வந்தேன். வீட்டில் அழ முடியாது.

ஆறு வருடத்துக்கு முன் கூட்டேரிப்பட்டு நெடுஞ்சாலையில் அக்காவின் மகன் சாமுவேல் மீது மோதிய லாரியை ஓட்டியவர் என் அப்பா. அதன் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. ஆலயத்துக்கும் போவதில்லை, எங்களையும் விடுவதில்லை. விழுப்புரம் போவதென்றாலும் அந்தச் சாலை வேண்டாமென்று ரயிலில்தான் போவார். அம்மா ஒருமுறை அந்தப் பேச்சை எடுத்ததற்குச் சோற்றுத் தட்டு சுவரில் போய் விழுந்தது.

இறந்த பையனின் அம்மா யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. இந்த ஜூனில் யூனிஃபார்ம் தைக்க அக்காவின் கடைக்குப் போனேன். யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். சொன்னேன். என் தோளில் இருந்த அளவு நாடா அப்படியே நின்றது. சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "இவன்தான் சாமுவேல்" என்றார். நான் வாசலுக்கு ஓடப் பார்த்தேன்.

"எங்க ஓடுற? கை அளவு இன்னும் எடுக்கல."

கை அளவை எழுதிக்கொண்டே கேட்டார்: "உங்கப்பா நல்லாத் தூங்குறாரா?"

"இல்லைங்க. ராத்திரியெல்லாம் வாசல்ல நடந்துகினே இருப்பாரு."

அக்கா உட்கார்ந்துவிட்டார். "அந்த மனுஷன் நிம்மதியாத் தூங்குவான்னு நெனச்சு நெனச்சே ஆறு வருசமா எரிஞ்சிகினு இருந்தேனே" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூங்கில் மாதிரி வளர்ந்துகினு இருக்கே. உள்ள ரெண்டு இஞ்ச் மடிச்சு வெக்கிறேன்" என்றார்.

அந்த ஞாயிறு டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு, ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மனதில் பகை வைத்துக்கொண்டு அப்பமும் ரசமும் தரும் திருவிருந்தை வாங்கக் கூடாது என்று அக்கா ஆறு வருடம் எழுந்திருக்காமலே இருந்தது உங்களுக்குத் தெரியும். அன்று எழுந்தார். முழங்காலிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். பாடிக்கொண்டிருந்த நீங்கள் பாட்டை விட்டுவிட்டீர்கள். ஏன் எழுந்தேன் என்று அவர் உங்களிடம் சொல்லவில்லை. எங்களைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

வெளியே வந்து என் கையைப் பிடித்தார். "துக்கம் போகலடி. ஆனா எம்புள்ள ஒரு நாள் கல்லறையிலேர்ந்து எழுந்திருப்பான், அத நம்புறேன். அன்னிக்கு உங்கப்பாவும் அங்க நிக்கணும். அங்கதான் மொதமொத பேசிக்கணுமா? ஒரு ஞாயித்துக்கிழம வரச் சொல்லு. எம் பக்கத்துலயே எடம் இருக்குது."

மூன்று வாரம் ஆகிவிட்டது. பயத்தில் அப்பாவிடம் சொல்லவே இல்லை. நாளைக் காலை அடக்கம்.

நீட்டிய அந்தக் கைகளின் நினைவை நான் வைத்துக்கொள்வேன். அவர் சொல்லியனுப்பியது மட்டும் என்னுடையது அல்ல, அப்பாவுடையது. அதை நான் வைத்துக்கொள்ள முடியாது.

கதவைத் தட்டுகிறார்கள். "இன்னுமா லைட்டு எரியுது? அழுதுகினு இருக்கியா?" அப்பாதான். இந்தத் தாளை மறைக்கப் போவதில்லை. தாழ்ப்பாளைத் திறக்கிறேன்.