கண்ணாடிப் பெட்டிக்குள் போன சட்டை

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பதினெட்டு வருடம் ஓவியம், கைவேலை வழியாக மனதுக்குச் சிகிச்சை தரும் ஆர்ட் தெரபிஸ்டாக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் வெற்றிகளைச் சொல்லப்போவதில்லை. இன்றும் அடங்காத ஒரு கோபத்தைச் சொல்கிறேன்.

1. சட்டை

சரோஜாவுக்கு ஊர் போத்தனூர். பிரசவத்திலேயே குழந்தை இறந்துவிட்டது. வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது மாமியாரின் உத்தரவு. நான்கு மாதமாக அவருக்குத் தூக்கமில்லை, அழுகையும் வரவில்லை.

வாட்டர்கலர் கொடுத்தேன், தொடவில்லை. களிமண்ணைப் பிசைந்துவிட்டு அப்படியே திருப்பி வைத்தார். ஆறாவது செஷனுக்குத் தன் பழைய சேலையைக் கொண்டுவந்து, உள்ளங்கை அளவில் ஒரு சட்டை தைத்தார். அதன்மேல் களிமண்ணை அப்பி, கறுப்பு பெயின்ட்டை விரலால் பூசினார். பூசப் பூச அழுதார்.

"யாருக்கும் காட்டிப்போடாதீங்க டீச்சர்" என்றார்.

நான் காட்டினேன். நிர்வாக அதிகாரி ரவுண்ட்ஸ் வந்தபோது, பெருமை தாங்காமல் எடுத்துக் காட்டினேன்.

2. வரவேற்பறை

அடுத்த வாரம், மருத்துவமனையின் ஆண்டு விழாவுக்காக, என்னைக் கேட்காமலேயே எடுத்துப்போய், வரவேற்பறையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் சட்டையை வைத்திருந்தார்கள். கீழே அட்டையில் சரோஜாவின் பெயர், 'குழந்தையை இழந்த தாயின் துயரம்' என்ற வரி. அதன் முன்னால் சரோஜாவும் மாமியாரும் நின்றிருந்தார்கள்.

"ஏன் அம்மணி, ஊட்டுச் சங்கதிய ஊரே பாக்க வெச்சுப்போட்டயே?" என்று மருமகளைக் கேட்டார் மாமியார். சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரியின் அறைக்கு ஓடினேன்.

"எதுக்குங்க மேடம் இத்தன கோவம்? வர்றவங்கெல்லாம் நின்னு போட்டோ புடிக்கறாங்க. அந்தம்மாவுக்கும் பெருமதானுங்களே?"

"அவங்க கேஸ் ஷீட்ட எடுத்து அங்க ஒட்டுவீங்களா? இதுவும் அதேதானுங்க!"

"விசேஷம் முடியட்டுமுங்க, எடுத்துரலாம்."

திரும்பி வந்து பேப்பர்வெயிட்டால் கண்ணாடியை உடைத்தேன். சரோஜா சட்டையை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். எனக்கு மெமோ வந்தது. சரோஜா பிறகு வரவேயில்லை.

3. போத்தனூர்

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அதிகாரியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வாசற்படியில் நின்றபடியே சரோஜா சொன்னார்:

"அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் உங்களத்தானுங்க நம்புனேன்."

அதன்பின், யார் எதைச் செய்தாலும் செஷன் முடியும்போது கேட்டுவிடுவேன்: கொண்டுபோகிறீர்களா, கிழித்துப்போடுகிறீர்களா, இங்கேயே இருக்கட்டுமா? செய்தவர் சொல்லாமல் டாக்டருக்குக்கூடக் காட்டமாட்டேன். நீங்களும் காட்டாதீர்கள். எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அது நம்முடையது அல்ல.